ஒரு நாழிகைக்குள் விண்ணப்பம் போட முடியுமா?

பாஸ்போர்ட், தேர்வு விண்ணப்பம், ரயில் டிக்கெட், கவுன்சலிங்... இணையத்தில் எதைச் செய்யப் போனாலும் இன்றைக்கு ஒரே மாதிரிதான். முதல் பக்கத்தில் பெயர், முகவரி. 'நெக்ஸ்ட்'. இரண்டாவது பக்கத்தில் படிப்பு விவரம். 'நெக்ஸ்ட்'. மூன்றாவதில் சான்றிதழ்கள், நான்காவதில் பணம். கடைசியில் ஒரு எண்ணைக் கொடுத்து, பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

இப்படிப் படிப்படியாக அழைத்துப் போகும் பக்கங்களுக்கு ஆங்கிலத்தில் 'விஸார்டு' என்று பெயர். அதாவது மந்திரவாதி! தமிழாக்கம் செய்தவர்கள் 'வழிகாட்டி' என்று அடக்கமாகப் போட்டுவிட்டார்கள். எனக்கு என்னவோ தமிழ்ப் பெயர்தான் பிடித்திருக்கிறது. வழிகாட்டி என்றால் நாம் எங்கே நின்றோம் என்பது அவருக்கு நினைவிருக்க வேண்டும், இல்லையா? இந்தக் கட்டுரை முழுக்க அந்த நினைவைப் பற்றித்தான்.

போன செமஸ்டரில் எங்கள் குழுவுக்குக் கிடைத்த பிராஜெக்ட், கல்வி உதவித்தொகைக்கான ஐந்து படி விண்ணப்பம் ஒன்றைக் கட்டுவது. அதற்காகப் படித்ததும் பார்த்ததும் நிறைய. நம் வகுப்பில் பாதிப்பேர் நாளைக்கு இந்த மாதிரிப் பக்கங்களைத்தான் எழுதிக்கொண்டிருக்கப் போகிறோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கணினிப் படிப்பு படிக்காதவர்களுக்கும் புரியும், தைரியமாகத் தொடரலாம்.

முதலில் சின்ன வரலாறு. 1991ல் வந்த மைக்ரோசாப்ட் பப்ளிஷர் மென்பொருளில் 'பேஜ் விஸார்டு' என்று ஒன்று இருந்தது. நாலு கேள்வி கேட்கும், பதில் சொன்னால் செய்திமடலோ வாழ்த்து அட்டையோ தயார் செய்து கொடுக்கும். பிறகு விண்டோஸ் 95ல் பிரிண்டர் சேர்ப்பது, மோடம் சேர்ப்பது என்று எல்லாவற்றுக்கும் விஸார்டு வந்துவிட்டது. அதற்கெல்லாம் ஒரு வசதி இருந்தது. முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை ஒரே நிரல், ஒரே கணினியின் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் மூன்றாவது கேள்வியிலேயே காத்துக்கொண்டு நிற்கும்.

இணையத்தில் அப்படி இல்லை. இணையப் பக்கங்கள் பேசிக்கொள்ளும் ஹெச்.டி.டி.பி. என்ற நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் ஒரு பக்கம் கேட்கிறீர்கள், சர்வர் கொடுக்கிறது. அத்தோடு கதை முடிந்தது. அடுத்த பக்கம் கேட்கும்போது நீங்கள் அதற்கு முன்பின் தெரியாத ஆள். ஒவ்வொரு முறை கவுன்ட்டருக்குப் போகும்போதும் 'யாரு நீங்க?' என்று புதிதாகக் கேட்கும் குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு வழியை 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்பவர் கண்டுபிடித்தார். அதுதான் குக்கி. குமாஸ்தா உங்கள் கையில் ஒரு டோக்கன் கொடுத்துவிடுகிறார். அடுத்த முறை போகும்போது டோக்கனைக் காட்டினால், அந்த எண்ணுக்கான ஃபைலைப் பீரோவிலிருந்து எடுத்துப் பார்ப்பார். அந்த ஃபைலுக்குப் பெயர்தான் செஷன். இணையத்தின் பெரும்பாலான விஸார்டுகள் இந்த ஃபைலை நம்பித்தான் ஓடுகின்றன. முதல் படியில் நீங்கள் கொடுத்த பெயர், இரண்டாம் படியில் கொடுத்த மதிப்பெண் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும்.

சரி, பீரோ நிரம்பிவிட்டால்? பழைய ஃபைல்களைத் தூக்கிப் போட வேண்டும். எவ்வளவு நேரம் கழித்து? இங்கேதான் எனக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது.

பி.ஹெச்.பி. மொழியில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் செஷனின் ஆயுள் 1440 விநாடி. கணக்குப் போட்டால் 24 நிமிடம். நம் தாத்தா காலக் கணக்கில் சரியாக ஒரு நாழிகை! (நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம்.) அதை எழுதியவர்களுக்கு நாழிகையைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை, தற்செயல்தான். ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் 20 நிமிடம். ஜாவா உலகின் டாம்கேட்டில் 30 நிமிடம். பைத்தானின் ஜாங்கோவில் மட்டும் தாராளமாக 2 வாரம்.

கவனித்தீர்களா? ஒன்றுக்கு 20 நிமிடம், இன்னொன்றுக்கு 2 வாரம். உங்கள் விண்ணப்பத்தில் எத்தனை கேள்வி, எத்தனை சான்றிதழ் என்று பார்த்து யாரும் இந்த எண்களை வைக்கவில்லை. பொதுவாக ஒரு எண் இருக்கட்டும் என்று வைத்தது. நம் ஆட்கள் அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுகிறோம். ஆக, ஒரு கிராமத்துப் பெண் எவ்வளவு நேரத்துக்குள் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும் என்பதை யாருமே யோசிக்காமல் முடிவு செய்தாகிவிட்டது.

இன்னொரு விஷயம். இந்த நேரம் சர்வருக்குக் கடைசியாகத் தகவல் போனதிலிருந்து எண்ணப்படுகிறது. நீங்கள் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் தட்டச்சு செய்தாலும், 'நெக்ஸ்ட்' அழுத்தும் வரை சர்வருக்கு ஒன்றும் தெரியாது. அதைப் பொறுத்தவரை நீங்கள் மும்முரமாக நிரப்பிக்கொண்டிருப்பதும், எழுந்து டீ குடிக்கப் போயிருப்பதும் ஒன்றுதான். ஆக மெதுவாக, கவனமாக நிரப்புகிறவர்தான் முதலில் மாட்டுகிறார்.

நிரல் எழுத உட்காருவதற்கு முன்பு எங்கள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பிரவுசிங் சென்டரில் மூன்று சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் தெரிந்தவர். நம் ஊர்ப்பக்கம் இந்த விண்ணப்பங்களை மாணவர்கள் தனியாக உட்கார்ந்து நிரப்புவது குறைவு. கடைக்காரர் தட்டச்சு செய்வார், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் பிளாஸ்டிக் கவரோடு நிற்பார், பெண்ணோ பையனோ எழுத்துக்கூட்டிச் சொல்லும். மூன்று பேர் சேர்ந்து ஒரு விண்ணப்பம்.

இரண்டாம் நாள் ஒரு அம்மாவும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவர் மகளும் வந்தார்கள். ஒரு உதவித்தொகை விண்ணப்பம், மறுநாள் கடைசித் தேதி. முதல் மூன்று பக்கம் வேகமாகப் போனது. நான்காவது பக்கத்தில் வங்கிக் கணக்கு.

"பாஸ்புக் கொண்டு வந்தீங்களாக்கா?"

"வீட்ல இருக்கு தம்பி. போன் போட்டு நம்பர் கேட்கவா?"

வீட்டில் பாட்டி மட்டும்தான். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, அவன் பீரோவைத் திறந்து, கணக்கு எண்ணைப் படித்துக் காட்டி முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. அதற்கு நடுவில் கடைக்காரர் வேறு இரண்டு பேருக்கு ஜெராக்ஸ் எடுத்தார். எண்ணை அடித்து 'நெக்ஸ்ட்' அழுத்தினால், 'உங்கள் செஷன் காலாவதியாகிவிட்டது, மீண்டும் உள்நுழையவும்'. உள்ளே போய்ப் பார்த்தால் நான்கு பக்கமும் காலி.

அந்த அம்மா கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "நாம ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டமா தம்பி?"

அவர் எதையும் தப்பாக அமுக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கட்டியவர்கள் யாரோ, அவர்களுக்கு இந்தக் கேள்வி காதில் விழப் போவதில்லை. கடைக்காரர் மறுபடி முதலிலிருந்து அடித்தார், அவர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடினார்கள்.

அங்கே உட்கார்ந்து நான் எழுதிக்கொண்டு வந்த பட்டியல் இது: பாஸ்புக் வீட்டில், ஓ.டி.பி. போகிற போன் திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவிடம், வருமானச் சான்றிதழ் இன்னும் வரவில்லை, போட்டோவின் அளவு அதிகம், கரண்ட் போய்விட்டது. இதில் எதுவுமே விதிவிலக்கு இல்லை. நடுவில் தடைபடுவதுதான் வழக்கம். ஒரே மூச்சில் முடிப்பதுதான் அதிசயம்.

எங்கள் குழுவில் ஒரு நண்பன், அப்படியென்றால் படிகளே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே நீளப் பக்கத்தில் போட்டுவிடலாம் என்றான். யோசிக்க வேண்டிய வாதம்தான். பத்துக் கேள்விதான் என்றால் விஸார்டு வெறும் பந்தா. ஒரே பக்கம் போதும். ஆனால் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும் இடங்களில், இடையில் சான்றிதழ் ஏற்ற வேண்டிய இடங்களில் படிகள் உதவும். பிரிட்டன் அரசின் கவ் டாட் யூகே தளத்தை வடிவமைத்தவர்கள் ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம் மட்டும் கேட்கச் சொல்கிறார்கள். பழக்கமில்லாதவர்களுக்கு அது எளிது, சின்னத் திரையிலும் சரியாக வரும். எங்கள் விண்ணப்பத்தில் முதல் பட்டதாரியா, விடுதி மாணவரா என்று கிளைகள் நிறைய. அதனால் படிகள் என்றே முடிவானது.

இனி நாங்கள் கட்டிய விதம்.

முதல் வேலை, பதில்களைச் செஷனில் வைப்பதில்லை என்பது. ஒவ்வொரு படியிலும் 'நெக்ஸ்ட்' அழுத்தியதும் தகவல் நேராக டேட்டாபேஸுக்குப் போய்விடும். ஆனால் அரைகுறை விண்ணப்பத்தை உண்மையான அட்டவணையில் போட முடியாது, பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும். அதனால் 'வரைவு' என்று தனியாக ஒரு அட்டவணை. அதில் எது வேண்டுமானாலும் காலியாக இருக்கலாம். ஒவ்வொரு படியும் தன் கேள்விகளை மட்டும் சரிபார்க்கும். கடைசியில் சமர்ப்பிக்கும்போது எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு முறை சரிபார்த்து, உண்மையான அட்டவணைக்கு மாற்றும். செஷன் செத்துப்போனாலும் வரைவு உயிரோடு இருக்கும்.

இரண்டாவது, திரும்பி வருகிறவரை அடையாளம் காண்பது எப்படி? இதில்தான் அதிகம் சண்டை போட்டோம். பிரவுசரிலேயே சேமித்து வைக்க லோக்கல் ஸ்டோரேஜ் என்று வசதி இருக்கிறது. ஆனால் பிரவுசிங் சென்டர் கணினியில் அப்படிச் செய்தால், அடுத்து உட்காருகிறவருக்கு உங்கள் வங்கிக் கணக்கு எண் தெரியும். ஓ.டி.பி. அனுப்பலாம் என்றால் போன் திருப்பூரில். விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் போதும் என்றால், வரிசையாகப் போகும் எண்ணை எவனும் ஊகித்துவிடுவான். பிறந்த தேதி ஒன்றும் ரகசியமில்லை.

முடிவில் முதல் படி முடிந்ததுமே, ஊகிக்க முடியாத ஒரு பன்னிரண்டு எழுத்துக் குறியீட்டைப் பெரிய எழுத்தில் காட்டி, 'இதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்' என்றோம். அதில் பூஜ்யமும் ஆங்கில 'ஓ' எழுத்தும் கிடையாது, ஒன்றும் 'ஐ'யும் கிடையாது. கையால் எழுதினால் குழம்பும் என்பதால். அந்தக் குறியீடும் பிறந்த தேதியும் சேர்ந்தால் எந்தக் கணினியிலிருந்தும் தொடரலாம். சில முறை தப்பாக அடித்தால் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். தாள் தொலைந்தால் மட்டும் ஓ.டி.பி. வழி. எதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை, ஆனால் நான் பார்த்த மனிதர்களுக்கு இது பொருந்துகிறது.

அடையாளத்தை எப்போது கேட்பது என்பதும் சின்ன விஷயம் இல்லை. 2013 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்காகத் திறக்கப்பட்ட ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில், திட்டங்களைப் பார்ப்பதற்கு முன்பே கணக்கு தொடங்கியாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கூட்டம் மொத்தமும் அந்த முதல் படியிலேயே சிக்கிக்கொண்டது. தளத்தில் வேறு கோளாறுகளும் நிறைய இருந்தன. முதல் நாளில் கடைசி வரை போய்ப் பதிவு செய்தவர்கள் 6 பேர்தான் என்று பிறகு வெளியான குறிப்புகள் சொல்கின்றன. ஆகவே எங்கள் விண்ணப்பத்தில் தேவையான சான்றிதழ்களின் பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வாசலிலேயே இருக்கிறது. பாஸ்புக் வேண்டும் என்று நான்காவது பக்கத்தில் சொன்னால் யாருக்கு என்ன லாபம்?

மூன்றாவது, பேக் பட்டன். 'பேக் பட்டனை அழுத்தாதீர்கள்' என்று சிவப்பில் எழுதி வைத்திருக்கும் தளங்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டியவர் வேலையைப் பயன்படுத்துபவர் தலையில் கட்டுவதற்கு அது பெயர். தீர்வு பழையது. தகவலை வாங்கியதும் பக்கத்தை அப்படியே காட்டாமல், 303 என்ற பதிலைக் கொடுத்து அடுத்த படியின் முகவரிக்கு அனுப்பிவிட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனி முகவரி. அப்புறம் பேக் அழுத்தினால் முந்தைய படி, நிரப்பிய பதில்களோடு வரும். 'படிவத்தை மீண்டும் அனுப்பவா?' என்று பிரவுசர் மிரட்டாது.

நான்காவது, பின்னால் போய்ப் பதிலை மாற்றுவது. ஒருவர் 'முதல் பட்டதாரி' என்று சொல்லி, சான்றிதழும் ஏற்றிவிட்டு, திரும்பிப் போய் 'இல்லை' என்று மாற்றுகிறார். சான்றிதழை என்ன செய்வது? உடனே அழித்தால், கை தவறி மாற்றியவர் மறுபடி ஏற்ற வேண்டும். அழிக்காமல் சமர்ப்பித்தால், சம்பந்தமில்லாத ஆவணம் உள்ளே போகும். அடுத்த படி எது என்பதை நாங்கள் எங்கும் எழுதி வைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் பதில்களிலிருந்து புதிதாகக் கணக்கிடுகிறோம். பொருந்தாத படியின் பதில் வரைவில் சும்மா கிடக்கும். சமர்ப்பிக்கும்போது மட்டும் அது விடுபடும்.

ஐந்தாவது, கோப்புகள். ஒரு கட்டத்தில் பிழை என்று பக்கம் திரும்பி வரும்போது எழுதியதையெல்லாம் மறுபடி நிரப்பிக் காட்டலாம், தேர்ந்தெடுத்த கோப்பை மட்டும் காட்ட முடியாது. பாதுகாப்புக்காகப் பிரவுசர்கள் அதை அனுமதிப்பதில்லை. அதனால் கோப்பைத் தேர்ந்தெடுத்த கையோடு தனியாக ஏற்றி வரைவில் சேர்த்துவிடுகிறோம். பிறகு வேறு எந்தக் கட்டம் தப்பானாலும் கோப்பு பத்திரம்.

கடைசிப் படியில் கொடுத்த பதில்கள் எல்லாம் ஒரே பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'மாற்று'. இணைப்பு மெதுவாக இருந்து 'சமர்ப்பி' பட்டனை இரண்டு தரம் அழுத்தினாலும் ஒரே விண்ணப்பம்தான் பதிவாகும். ஒரு வரைவுக்கு ஒரு விண்ணப்பம் என்று டேட்டாபேஸே காவல் காக்கிறது.

ஆனால் பாதுகாப்பு என்ற ஒன்று இருக்கிறதே, செஷனைச் சீக்கிரம் முடிப்பது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நல்லதுதான். பொதுக் கணினியில் எழுந்து போனவரின் பக்கம் திறந்தே கிடக்கக்கூடாது. கதவைப் பூட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? பூட்டும்போது உள்ளே இருக்கும் சாமான்களை ஏன் தெருவில் எறிகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. எங்கள் செஷனும் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். முடிவதற்கு முன் எச்சரிக்கும். மறுபடி குறியீட்டைக் கொடுத்தால் விட்ட படியில் நிற்கலாம்.

இதெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. எல்லோரும் பயன்படுத்தும்படி இணையத்தைக் கட்டுவதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற விதிகளில் 2008லேயே நேரக் கட்டுப்பாடு பற்றி அடிப்படை விதி இருக்கிறது. நேரம் முடியும் முன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி கொடுக்க வேண்டும், பத்து முறையாவது நீட்டிக்க முடிய வேண்டும். 2018ல் சேர்ந்த இன்னொரு விதி, சும்மா இருந்தால் தகவல் அழியும் என்றால் எவ்வளவு நேரத்தில் என்று சொல்லிவிட வேண்டும், 20 மணி நேரத்துக்கு மேல் காப்பாற்றினால் சொல்லத் தேவையில்லை என்கிறது. 2023ல் வந்த 2.2 பதிப்பில், ஒரே வேலைக்குள் ஏற்கெனவே வாங்கிய தகவலை மறுபடி தட்டச்சு செய்யவைக்கக் கூடாது என்று அடிப்படை நிலையிலேயே சேர்த்திருக்கிறார்கள். நிரந்தர முகவரியை அடித்து முடித்தவரிடம் அதையே தற்காலிக முகவரியாக மறுபடி அடிக்கச் சொல்லும் புண்ணியவான்கள் கவனிக்க.

காப்பாற்றுவது என்றால் காலம் முழுக்க வைத்துக்கொள்வது இல்லை. சமர்ப்பிக்காத வரைவுகளைக் கடைசித் தேதி முடிந்து 30 நாளில் அழித்துவிடுகிறோம். அதையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டோம். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவை முடிந்த தகவலை அழிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

சோதனை எப்படிச் செய்தோம் தெரியுமா? நிரப்பிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினோம். பாதியில் விட்டுவிட்டு கேன்டீனுக்குப் போனோம். ஒரு கணினியில் தொடங்கி, மறுநாள் ஒரு பழைய போனில் முடித்தோம். இரண்டு டேப் திறந்து இரண்டிலும் வேறு வேறு பதில் கொடுத்தோம். (இந்த நேரத்தில் பழைய டேப்பில் 'நெக்ஸ்ட்' அழுத்தினால், இதற்கிடையில் பதில் மாறியிருக்கிறது என்று காட்டி எது வேண்டும் என்று கேட்கும்.) எல்லாம் நேராக நடக்கும்போது விஸார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். மற்றதுக்கு மூன்று வாரம் ஆனது.

இந்த விண்ணப்பம் எங்கள் துறைக்குள் ஒரு சின்ன உதவித்தொகைக்கு மட்டும் ஒரு முறை பயன்பட்டது. வந்தவை 41 விண்ணப்பங்கள். அதில் ஒரே அமர்வில் முடித்தவர்கள் 13 பேர். மற்ற 28 பேரும் குறைந்தது ஒரு முறை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள், ஒருவர் ஒன்பது நாள் கழித்து வந்தார். சின்னக் கணக்குதான், இதை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க வரவில்லை. ஆனால் அந்த 28 பேருக்கும் ஒரு நாழிகை போதவில்லை.

அடுத்த முறை உங்களிடம் யாராவது விஸார்டு கட்டச் சொன்னால், படிகளின் படத்தை வரைவதற்கு முன்பு வரைவு அட்டவணையை எழுதுங்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் போய் உட்காருங்கள். கடைக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் மீதியை அவரே சொல்லுவார்.